கடல் கேட்ட கொசுறு

சிப்பித்துறையில் கடல் மெற்றில்டாவின் வீட்டை மூன்று தடவை தின்றிருக்கிறது. முதலில் ஓலை வீடு, அடுத்தது ஓட்டு வீடு, மூன்றாவதாக அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஆஸ்பெஸ்டாஸ் வீடு. அதைத் தின்றபோது மட்டும் தொண்டையில் என்னவோ சிக்கினதுபோல மூன்று நாள் கடல் கரகரவென்று செருமிக்கொண்டு கிடந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு முப்பது அடி மேற்கே போனாள், அவளோடு நாங்களும் எங்கள் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போனோம், அப்படிப் போய்ப் போய் ஒருநாள் எங்கள் முதுகு மாதா கோயில் சுவரில் முட்டியது.

அதற்கும் மேற்கே போக வேண்டுமென்றால் ஒன்பது மைல் போக வேண்டும். அங்கே கருவேலங்காட்டை வெட்டி வரிசையாக வீடு கட்டி ‘கடல் நகர்’ என்று பலகை வைத்திருந்தார்கள்; கடல் அந்தப் பலகையில் மட்டும்தான் இருந்தது, மொட்டைமாடியில் ஏறி நின்று மூக்கை நீட்டினாலும் உப்பு வாடை எட்டாது. எங்களில் பாதிப் பேர் அங்கே போனார்கள். போனவர்கள் வள்ளம் கரைக்கு வருகிற நேரத்தைப் பிடிக்க இரண்டு பஸ் மாறி வந்தார்கள், வருவதற்குள் ஏலம் முடிந்துவிடும், வெறும் மணலைப் பார்த்துவிட்டு இரண்டு பஸ் மாறித் திரும்பினார்கள், ஒரு வருஷத்தில் வள்ளங்களை விற்றுவிட்டார்கள். கரையை விட்டவனுக்குக் கடல் ஏது? மிச்சம் இருந்தது நாங்கள் இருபத்தாறு குடும்பம், கோயில் சுவருக்கும் அலைக்கும் நடுவில்.

மெற்றில்டா எங்கள் கரையில் மீன் ஏலம் விடுகிறவள். நாற்பத்தெட்டு வயது, கப்பல் வேலைக்குப் போன புருஷன் வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து அவள் குரலுக்குப் பயந்து பத்து நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவான் என்பது ஊரில் சொல்லும் கேலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவள், கோயில் வாசலிலேயே நின்று, "நான் காங்கிரீட் வீடு கட்டப்போறேன், கெழக்க" என்றாள்.

"கெழக்கன்னா எங்கன?" என்று கேட்டாள் அடுத்த வீட்டுப் பிலோமி.

"என் மொத வீட்டு அடுப்பு இருந்த எடத்துல."

"அங்க இப்ப நண்டுல்லா குடியிருக்கு?"

"நண்டுக்கு நான் பட்டா எழுதிக் குடுக்கலியே."

நாங்கள் சிரித்தோம். திமிர் பிடித்தவள் என்று சிலர் வாய்விட்டே சொன்னோம். மனசுக்குள் எல்லோருக்கும் ஒரு குறுகுறுப்பு இருந்ததையும் மறைப்பதற்கில்லை, ஏனென்றால் முப்பது வருஷத்தில் எங்கள் ஊரில் கிழக்கே போகிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

துபாயில் பதினாலு வருஷம் கடலுக்குள்ளேயே மாடிவீடு கட்டிப்போட்டு வந்த தவசிக்கனி மேஸ்திரியை அவள் கூட்டி வந்தாள். மேஸ்திரி சிமெண்டைத் தவிர வேறெதையும் நம்பாத மனுஷர். காகிதத்தில் அழகாகப் படம் போட்டிருந்தார், பன்னிரண்டு தூண், தூணுக்கு மேலே பெட்டிபோல வீடு, தட்டையான மொட்டைமாடி, கிழக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மெற்றில்டா அந்தக் காகிதத்தைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குக் காகிதத்துல அளவு பிடிபடாது அண்ணாச்சி, மண்ணுல போடுங்க. நான் நடந்து பாத்துச் சொல்லுதேன்" என்றாள். எனவே அலை வற்றிய நேரத்தில், அவளுடைய பழைய அடுப்பு இருந்த ஈரமணலில், வீட்டை அதன் முழு அளவுக்கே சுண்ணாம்புக் கோடாக வரைந்து கொடுத்தார் மேஸ்திரி. அவள் அடுக்களைக்குள் போய் நின்று கையை நீட்டிப் பார்த்தாள், படுக்கையறையில் படுத்துப் பார்த்தாள், சரி என்றாள். சாயங்காலம் அலை ஏறிக் கோடு முழுவதையும் மூடியது.

மறுநாள் அலை வற்றியபோது கோடுகள் அழியாமல் இருந்தன. ஆனால் திருத்தப்பட்டிருந்தன. சுண்ணாம்பு இருந்த இடத்தில் பொடிச்சிப்பி கயிறு பிடித்ததுபோல நேராக ஓடியது, சதுரத் தூண்கள் பன்னிரண்டும் உருண்டைத் தூண்களாகியிருந்தன, வடக்கே இருந்த படிக்கட்டு தெற்கே வந்திருந்தது, மொத்த வீடும் நாலு அடி மேற்கே தள்ளிப் போயிருந்தது.

"என் பிளான்ல கை வச்சது யாரு?" என்று கத்தினார் தவசிக்கனி. கடல் கொஞ்ச தூரத்தில் ஒன்றும் தெரியாததுபோலப் புரண்டுகொண்டிருந்தது. அவர் ஒவ்வொரு தூணாகச் சுற்றி வந்தார், டேப்பை இழுத்தார், உட்கார்ந்தார், எழுந்தார், கடைசியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "சதுரத்துல அலை மோதும், உருண்டைன்னா பிரிஞ்சு போவும். வாடைக்காத்துல வடக்குப் படி வழுக்கத்தான் செய்யும். வேல தெரிஞ்ச கைதாம்மா இது" என்றார்.

"வேல எனக்கும் தெரியும்" என்றாள் மெற்றில்டா. "தூணு இருக்கட்டும், படி இருக்கட்டும். அந்த நாலு அடிய விட மாட்டேன்." சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடலைப் பார்த்து, "ஏட்டி, நாலு அடியா? போ போ, வேற ஆளப் பாரு" என்று குதிகாலால் மணலைக் கீறி வீட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டாள்.

கடலை ஏட்டி என்று கூப்பிடுவதா என்று பங்குச்சாமியாருக்கே கொஞ்சம் வருத்தம். எங்கள் ஊரில் எல்லோரும் அதைக் கடலம்மா என்போம், தாயே என்போம். "தாயாம் தாய்! பெத்தவ புள்ளைக்குச் சோறு போடுவா, வீட்ட இடிப்பாளா? நம்ம பெத்தவளா இருந்தா இப்படி மூணு தடவ தெருவுல விட்டிருப்பாளா சாமி?" என்று அவள் கேட்டாள். அடுத்த வாரப் பிரசங்கத்தில் அவர் கடலைப் பற்றியே பேசவில்லை.

அதற்குப் பிறகு இருபது நாள், அலை ஏறுவதும் அலை வற்றுவதும் கோடு மேற்கே போவதும் அவள் கிழக்கே இழுப்பதுமாக ஊருக்கு வேறு வேலை ஓடவில்லை. எல்லாவற்றுக்கும் பழகுவதுபோல அதற்கும் பழகினோம். மத்தியானத்தில் பெண்கள் கோட்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து வலை பின்னினார்கள், போகும்போது வாசல் வழியாகப் போய் வாசல் வழியாகவே வந்தார்கள், யாரும் சுவரைத் தாண்டிக் கால் வைக்கவில்லை, மறந்துபோய் வைத்த பிலோமியின் புருஷன் முழங்கால் இடித்ததுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு நொண்டினான். கடலுக்குத் திருத்தத் தெரியும் என்று ஆனதும் ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் பழுதான வள்ளத்து இன்ஜினை வரைந்துவைத்தான், பள்ளிக்கூட டீச்சர் பரீட்சைக் கேள்வியை எழுதிப் பார்த்தாள், கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க வழியில்லாமல் நாற்பது வயதைத் தொட்ட சவரிராஜ் ஒரு பெண்ணின் பெயரை எழுதிவிட்டு ஒளிந்து நின்றான். கடல் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துடைத்துப் போட்டுவிட்டு மெற்றில்டாவின் வீட்டுக்கு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பேரம் பேசத் தெரிந்தவளிடம்தானே பேரம் பேச முடியும் என்று நாங்கள் ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

நாலு அடி மூன்று அடியானது, மூன்று இரண்டானது. "ஒத்த அடி. அதுக்கு மேல ஒரு விரக்கட தர மாட்டேன், வேண்டாம்னா போய்க்கிட்டே இரு" என்று அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். முதுகைத் திருப்புவது எங்கள் கரையில் கடைசிப் பேச்சு. மறுநாள் கோடு ஒரே ஒரு அடி மேற்கே இருந்தது, அதோடு கிழக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சுவருக்குக் கீழே, யாரும் கேட்காத சின்ன அறை ஒன்று புதிதாக முளைத்திருந்தது. பத்துக்குப் பத்து. வீட்டுக்குள்ளிருந்து அதற்கு வாசல் கிடையாது, கடலைப் பார்த்து மட்டும் திறந்திருந்தது.

"இது என்னம்மா, ஸ்டோர் ரூமா? கக்கூஸா?" என்று தலையைச் சொறிந்தார் மேஸ்திரி.

மெற்றில்டா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "உங்களுக்கு இது தெரியாது அண்ணாச்சி, நீங்க கரை ஆளு இல்ல. கொசுறு கேக்கா."

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீன் பேரம் படிந்த பிறகு வாங்குகிறவள் கூடைக்குள் கையை விட்டு ஒரு கை காரல் மீனைக் கொசுறாக எடுப்பாள். எடுத்துவிட்டால் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும், கொடுத்த கொசுறைப் பிடுங்கினாலும், அந்த ஆளை அப்புறம் ஏலத்தில் நிற்க விடமாட்டோம், சாமியார் வந்து சொன்னாலும் விடமாட்டோம். மெற்றில்டா அலைவரைக்கும் இறங்கிப் போனாள். "எடுத்துக்கோ. ஆனா கொசுறுல கை வச்சா பேரம் முடிஞ்சுது, தெரியும்லா? அந்த ரூமத் தாண்டி என் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரக் கூடாது" என்றாள். ஓர் அலை மட்டும் தனியாகப் பிரிந்து ஏறி வந்து, அந்தப் பத்துக்குப் பத்துக் கோட்டுக்குள் மட்டும் நிறைந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வந்த வழியே போனது.

மறுநாள் வேலை தொடங்கினோம். தூண் இறங்கிய நாட்களில் அலை தானாக ஒதுங்கி நின்றது. கலவையில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தாலும் கம்பிக்குப் புற்றுநோய்தான் என்று தவசிக்கனி எங்களை மிரட்டிவைத்திருந்ததால் நல்ல தண்ணீரைக் குடம் குடமாகக் கோயில் கிணற்றிலிருந்து சுமந்தோம். தளம் போட்ட அன்று ஊரே வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கை மாற்றியது. சாமியாரும் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார். மூன்று மாதத்தில் வீடு நின்றது, பூச்சுப் பூசாமல், சாம்பல் நிறத்தில், உருண்டைத் தூண்கள்மேல், கிழக்கே முழுக்கண் திறந்து. டப்பா என்றும் தண்ணீர்த் தொட்டி என்றும் பழித்தோம். ஆனால் வள்ளத்தில் போகிறவர்கள் ஐந்து மைல் தள்ளியும் அந்தக் கண்ணாடியின் மினுக்கைப் பார்த்துத்தான் கரை திரும்பினார்கள். கடல் தினம் இரண்டு தடவை தன் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. எப்போதாவது நுரை மேல்படியைத் தொட்டுவிட்டால் மெற்றில்டா துடைப்பத்தோடு வந்து அதைத் திட்டித் தீர்ப்பாள்.

அந்த வருஷக் கடைசியில் குணசீலன் என்ற அளவை அதிகாரி ஒரு முக்காலிக் கருவியும் இரண்டு ஆட்களுமாக வந்தார். கடல் கடைசியாக எட்டுகிற இடத்தில் கோடு போட வேண்டும், கோட்டுக்குக் கிழக்கே மனுஷர் குடியிருக்கக் கூடாது, அதுதான் அவருக்கு இட்ட வேலை. நல்ல மனுஷர்தான், மோர் கொடுத்தால் நன்றி சொல்லிக் குடித்தார். ஆனால் அலை ஏறுகிற நேரத்தில் கடல் மெற்றில்டாவின் அறைக்குள் வந்து உட்கார்வதைப் பார்த்ததும் அவர் பேனா நின்றுவிட்டது.

"இங்க பாருங்கம்மா, கடல் ஒரு வீட்டுக்குள்ள வருதுன்னா இது கடல் புகுந்த ஊர்னுதான் நான் எழுதணும். கோடு கோயிலுக்குப் பின்னால போயிடும். மொத்தப் பேரும் காலி பண்ணணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு செய்யுங்க. அந்த ரூமை ஒரு சுவர் வெச்சு அடைச்சிருங்க. கடல் வெளியவே நின்னுடும், நானும் கோட்டை வீட்டுக்கு முன்னாலயே போட்டுட்டுப் போயிடறேன். ஒரு வாரம் டைம் தரேன்" என்றார்.

ஒரே ஒரு சுவர். தவசிக்கனி அரை நாளில் கட்டிவிடுவார். நாங்கள் இருபத்தாறு குடும்பமும் அவள் வீட்டுப் படியில் கூடினோம், கெஞ்சினோம், அதட்டினோம். பிலோமிதான் வாய்விட்டு அழுதாள். "ஏ மெற்றில்டா, கடலுக்குக் குடுத்த வாக்குக்காக எங்க எல்லாரையும் கருவேலங்காட்டுக்கு அனுப்புவியா? அவ நம்மள நெனச்சுப் பாத்தாளா என்னைக்காவது?"

மெற்றில்டா படியிலிருந்து குனிந்து கடலின் அறையைப் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது, அது எங்களுக்குத் தெரிந்தது, அவள் பயந்து அன்றுதான் பார்த்தோம். "சரி, நீயே சொல்லு" என்றாள் கடைசியில். "பேரம் முடிஞ்சப்புறம் குடுத்த கொசுற ஒருத்தி பிடுங்கினா, நம்ம அவள என்ன செய்வோம்?"

பிலோமி மூக்கைச் சிந்தினாள். "கரையில நிக்க விட மாட்டோம்."

"அப்புறம் நான் எந்தக் கரையில நிக்கதுக்குட்டி அந்தச் சுவரக் கட்டணும்?"

சுவர் கட்டவில்லை. ஒரு வாரம் கழித்து அதிகாரி வந்து, வருத்தத்தோடுதான், கோயிலுக்குப் பின்னால் வடக்கிலிருந்து தெற்குவரை நீளமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டார். நாளை மறுநாள் வீடுகளை இடிக்க இயந்திரம் வரும் என்றார். அவர் போன பிறகு நாங்கள் கடலைப் பார்த்தோம். வாக்கைக் காப்பாற்றியிருக்கிறோம், வாக்கை வாங்கினவளுக்கும் கொஞ்சம் நன்றி இருக்காதா? பெரிய அலை ஒன்று எழும்பி வந்து அந்தக் கோட்டைத் திருத்தித் தரும் என்று காத்திருந்தோம். ஒரு அலைநேரம் போனது, இரண்டு போனது, மூன்றும் போனது. கடல் வழக்கம்போல வந்தது, தன் அறையில் உட்கார்ந்தது, ஒரு விரல்கூட அதற்கு மேல் வராமல் திரும்பிப் போனது.

"அவள ஏன் பாக்கிய?" என்றாள் மெற்றில்டா. "இந்த ரூமத் தாண்ட மாட்டேன்னு சொன்னா, தாண்டல. அவ பேச்ச அவ காப்பாத்துதா. இது அவ போட்ட கோடு இல்ல, அவ அழிக்கவும் மாட்டா. இது மனுஷன் போட்டது." அப்படிச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் போனாள், வட கோடியில் குதிகாலை வைத்தாள், உச்சி வெயிலில், ஊர் பார்க்க, அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே தென் கோடிவரை நடந்தாள். பாதி வழியில் பிலோமியும் அவளோடு சேர்ந்துகொண்டாள். தேய்த்து முடித்த இருவரும் நேரே கோயில் சுவரோரம் தவசிக்கனி நின்ற இடத்துக்கு வந்தார்கள், பிலோமி அதிகாரி விட்டுப்போன மீதிச் சுண்ணாம்பு மூட்டையைக் கவிழ்த்து, "அண்ணாச்சி, எனக்கும் ஒரு வீடு போடுங்க. உருண்டைத் தூணாவே போட்டிருங்க" என்றாள்.

தவசிக்கனி அன்று போல் ஒருநாளும் வேலை செய்ததில்லை. அவர் கை ஓயாமல் கோடு போட்டார், சுண்ணாம்பு தீர்ந்ததும் நாங்கள் சிப்பியை இடித்துக் கொடுத்தோம், செய்தி ஒன்பது மைல் தாண்டிக் கடல் நகருக்குப் போய் அங்கிருந்தும் இரண்டு பஸ் மாறி ஆட்கள் வந்து எனக்கு எங்கே என்று கேட்டார்கள். இயந்திரம் வந்த காலையில் கோயில் சுவரிலிருந்து அலைவரைக்கும் கரை முழுவதும், நாங்கள் குடியிருந்த வீடுகளைச் சுற்றியும், கோட்டு வீடுகள், அடுக்களையும் படுக்கையறையும் படிக்கட்டும் உருண்டைத் தூணுமாக, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அந்தந்தக் குடும்பம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது. மண்வாரி இயந்திரத்தை ஓட்டிவந்தவன் முதல் கோட்டருகில் வண்டியை நிறுத்தினான். இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பிலோமியின் வாசலில் நின்று, "யக்கா, வண்டியைக் கொண்டுபோக வழி இருக்கா?" என்று கேட்டான்.

"இது வீடுல்லா தம்பி, வழி எப்படி இருக்கும்?" என்றாள் பிலோமி. "காப்பி குடிக்கியா?"

அவன் வாசல் வழியாக உள்ளே போய்க் காப்பியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். குணசீலன் அதைப் பார்த்தார், கையிலிருந்த உத்தரவைப் பார்த்தார், முகம் சிவந்துபோய் மெற்றில்டாவைக் கூப்பிட்டார். "என்னம்மா விளையாட்டு இது? இதெல்லாம் வெறும் கோடு!"

மெற்றில்டா தன் கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து இறங்கி, வாசல் வாசலாகக் கடந்து, அவர் முன்னால் வந்து நின்றாள். ஏலத்தில் கத்துகிற குரலில் பேசவில்லை, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்.

"நீங்க போட்டதும் வெறும் கோடுதான சார்?"

அவர் ஒரு கால் எடுத்து முன்னால் வைக்கப் போனார். எதிரே பிலோமியின் சுவர் இருந்தது, முழங்கால் உயரத்துக்கு வெறும் காற்று, கீழே ஒரு விரல் அகலச் சிப்பிப் பொடி. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அதற்குப் பின்னால் எத்தனை சுவர் இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்ப்பது எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அந்தக் காலை எடுத்த இடத்திலேயே வைத்தார், உத்தரவை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார், "மேல எழுதிக் கேக்கணும்" என்றார்.

"கேளுங்க" என்றாள் மெற்றில்டா. தவசிக்கனி கடப்பாரையை எடுத்துப் பிலோமியின் வடகிழக்கு மூலையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார், அந்தச் சத்தத்துக்கு அதிகாரி திரும்பிப் பார்த்தார், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாங்கள் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட ஆரம்பித்தோம்.